ஒப்படைத்த படங்கள்

கடிதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வந்தது. விவசாயிகளுக்கான அலுவலகமான எங்கள் கமநலக் கந்தோரில் கடிதங்களுக்குக் குறைவில்லை. உரம் பற்றி வரும், எலிக்காய்ச்சல் பற்றி வரும், பின்னேரம் மின்விசிறியை மறக்காமல் நிறுத்தும்படிகூட ஒன்று வந்திருக்கிறது. யாரும் அலட்டிக்கொள்வதில்லை. இதை வாசித்த எங்கள் பொறுப்பதிகாரி மட்டும் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, உம்மட சாமானுக்கு ஆபத்து வந்திட்டுது."

என்னுடைய சாமான் என்று அவர் சொன்னது கந்தோர் ட்ரோனை. இனி அரச கந்தோர்கள் பாதுகாப்பு அனுமதி இல்லாமல் ட்ரோன் வாங்கக் கூடாதாம். வெளிநாட்டில் செய்த இயந்திரங்கள் எடுக்கும் படங்கள் கடைசியில் யாருடைய கையில் போய்ச் சேருகின்றன என்பதற்கு உத்தரவாதம் இல்லையாம். ஏற்கெனவே வாங்கியவர்கள் இயந்திரத்தையும் அதன் மெமரி காட்டையும், எங்கெங்கே பறக்கவிட்டோம் என்ற பட்டியலையும் வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும். எதையும் அழிக்கக் கூடாது என்ற வசனத்துக்குக் கீழே கோடு போட்டிருந்தது.

"ஒரு கரைச்சல் விட்டுது" என்று, தொல்லை ஒழிந்த சந்தோஷத்தில் அவர் தேத்தண்ணிக்குச் சொன்னார். ஆனால் அந்தப் படங்கள் எங்கேயும் போகாது என்று ஒரு மனிசிக்கு நான் வாக்குக் கொடுத்திருந்தேன்.

நான் விவசாயப் போதனாசிரியர். கண்டாவளைப் பக்கத்து வயல்களைச் சுற்றுவதுதான் ஆறு வருடமாக என் வேலை. போன காலபோகத்தில், மழைக்கால நெற்செய்கையில், குளத்தின் வான்கதவுகளைத் திறக்க, வெள்ளம் வந்து பயிரை மூடியது. அழிவை மதிப்பிடுவதற்காக அந்த ட்ரோனை வாங்கித் தந்தார்கள். அதை ஓட்டப் பழகுவதற்கு வவுனியாவில் மூன்று நாள் பயிற்சி. கந்தோரில் இருந்த ஆண்கள் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு நோய் வந்தது. ஒருவருக்கு முழங்கால், ஒருவருக்குச் சீனி வருத்தம், இன்னொருவருக்கு மனைவியின் தங்கச்சியின் பிள்ளைப்பேறு. கடைசியில் கலியாணம் முடிக்காத எனக்குத்தான் நோய் சொல்லத் தெரியவில்லை, நான் போனேன்.

எனக்கு அந்தச் சத்தம் பிடிக்காது. பிடிக்காது என்பது கந்தோரில் சொல்லுகிற சொல். எனக்குப் பயம். யுத்தத்தின் கடைசி வருடத்தில் எனக்குப் பதின்மூன்று வயது. அப்போது தலைக்கு மேல் சுற்றிய ஆளில்லாத விமானத்தை, அதன் இரைச்சலை வைத்து நாங்கள் வண்டு என்று சொல்லுவோம். வண்டு சுற்றினால் எங்களைப் பார்க்கிறது என்று அர்த்தம். பார்த்து முடித்துவிட்டு அது போனால், பின்னாலே ஷெல் வரும். அதனால் வண்டு வந்தால் குசினியில் அடுப்பை அணைப்போம், வெளியில் இரண்டு பேர் சேர்ந்து நிற்க மாட்டோம். வவுனியாவில் முதல்முறை அந்த இயந்திரத்தைக் கிளப்பியபோது என் கை ரிமோட்டில் இருந்தது, கால் பங்கர் தேடியது. பயிற்சி தந்த தம்பி, "மிஸ் நல்லாக் கையாளுறீங்கள்" என்றான். அவன் கொழும்பில் வளர்ந்தவன்.

ஊருக்குக் காட்டுகிற நாள் வந்தது. விவசாயிகளின் கமக்கார அமைப்பு ஆட்களைப் பொதுநோக்கு மண்டபத்துக்கு முன்னால் கூப்பிட்டிருந்தோம். நாற்பது பேர் இருக்கும். எங்கள் பொறுப்பதிகாரி பேசினார், ஆட்கள் பகிடி விட்டார்கள், எல்லோரும் இயந்திரத்தைச் சுற்றி நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். நான் அதைக் கிளப்பினேன். பனை உயரம் போனதும் ரிமோட்டின் திரையைக் குனிந்து பார்த்தேன்.

கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. ஒருவரும் ஓடவில்லை. ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. ஒவ்வொருவராக, ஏதோ ஞாபகம் வந்தவர்கள் மாதிரி, இருபதடி தள்ளிப் போய் நின்றார்கள். தட்டில் கொட்டிய கடுகைப் போல அந்த வெளி முழுவதும் தனித்தனி ஆட்கள். நடுவில் வெறும் பிளாஸ்டிக் கதிரைகள். பக்கத்து வீட்டில் ஒரு பெண் குசினியிலிருந்து ஓடிவந்து, எரிந்துகொண்டிருந்த விறகை மண்ணில் குத்தி அணைப்பதும் திரையில் தெரிந்தது.

"ஏன் தள்ளி நிக்கிறியள்? கிட்ட வாங்கோ" என்று பொறுப்பதிகாரி கையைக் காட்டிக் கூப்பிட்டார். ஒரு முதியவர் அப்போதுதான் தன் காலைக் குனிந்து பார்த்தார். தான் நகர்ந்தது அவருக்கே தெரிந்திருக்கவில்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கம்: ரிமோட்டைக் கையில் வைத்திருந்த நானும் என் கந்தோர் ஆட்களை விட்டுப் பத்தடி தள்ளித்தான் நின்றிருந்தேன்.

அதற்குப் பிறகு வீடு வீடாகப் போக வேண்டியிருந்தது. இது அந்த வண்டு இல்லை, இது நெல்லை மட்டும்தான் பார்க்கும், பறக்கவிடுகிற நாளைக் கோயில் ஒலிபெருக்கியில் முதலே சொல்லுவோம் என்று நாக்கு வறளச் சொன்னேன். எல்லோரும் ஓம் என்றார்கள். ஒரு அக்கா மட்டும் சம்மதிக்கவில்லை.

அவருடைய பெற்றோர் மலைநாட்டுத் தோட்டத்திலிருந்து கலவரத்துக்குத் தப்பி வந்தவர்கள். அவர் பிறந்தது இங்கேதான். எங்கள் அப்பாவுக்குக் குடியேற்றத் திட்டத்தில் பெர்மிட்டோடு மூன்று ஏக்கர் வயல் கிடைத்தது. அந்த வயலில் கூலிக்கு நின்ற அவருடைய அப்பாவுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அக்கா காட்டோரத்தில், கைவிட்ட ஒரு சின்னக் குளத்தின் ஈரத்தை நம்பி ஒன்றரை ஏக்கர் செய்கிறார். பற்றையை வெட்டி, கட்டைகளைக் கிளறி, பதினைந்து வருடமாகப் புருசனும் இல்லாமல் தனியே செய்கிற நிலம். பிறகு காட்டுக்கு எல்லைக் கல் நட வந்த அதிகாரிகள் கல்லை அவருடைய வயலுக்கு ஊர்ப் பக்கமாக நட்டுவிட்டுப் போய்விட்டார்கள். கடதாசியில் அவருடைய நெல் காட்டுக்குள் விளைகிறது. யாராவது கவனித்தால் அடுத்த நாள் நிலத்தை விட்டு எழும்ப வேண்டியதுதான்.

வாய் நிறைய வன்னித் தமிழ் கதைக்கிற அவருக்குப் பயம் வந்தால் மட்டும் தாயின் மலைநாட்டுப் பேச்சு வந்துவிடும். "வேணாங்க மிஸ். அந்தப் பக்கம் மட்டும் விட்றாதீங்க."

வெள்ளம் எதுவரை ஏறியது என்று காட்டுவதற்கு அந்த விளிம்பு எனக்குத் தேவைப்பட்டது. அது இல்லாமல் கொடுத்தால் வரைபடம் அரைகுறை என்று திருப்பி அனுப்புவார்கள். "அக்கா, படம் எல்லாம் இந்தச் சின்ன மெமரி காட்டிலதான் இருக்கும். காட் என்ர அலுமாரிக்குள்ள இருக்கும். ஒருத்தரிட்டயும் போகாது. நான் பொறுப்பு" என்றேன். எதை வைத்துச் சொன்னேன்? ஒன்றையும் வைத்து இல்லை. வேலை முடிய வேண்டும் என்ற அவசரம்தான். அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

அந்தப் படங்களைக் கந்தோர்க் கணினியில் பார்த்த அன்றே எனக்குச் சுருக்கென்றது. கீழே வயல் எல்லாம் சேற்று நிறம். மேட்டில் அக்காவின் ஒன்றரை ஏக்கர் மட்டும் பச்சைப் பசேல் என்று, பார்க்காதவனையும் பார்க்க வைத்தது. பக்கத்தில் வெள்ளை எல்லைக் கல். கல்லின் நிழல்கூடத் தெரிந்தது.

கடிதம் வந்த அன்று பொறுப்பதிகாரியிடம் மெதுவாகக் கேட்டேன். "சேர், இந்தப் படங்கள் ஏற்கெனவே வேற எங்கயும் போயிருக்குமோ?"

"போகலாம் எண்டபடியால்தானே பிள்ளை கடிதமே வந்திருக்கு. வெளிநாட்டுக்காரன் எங்கட நெல்லைப் பார்த்து என்ன செய்யப்போறான்? விடும்."

வெளிநாட்டுக்காரனைப் பற்றி எனக்கு என்ன கவலை? அரசாங்கத்துக்குப் படங்கள் வெளியே போய்விடும் என்று பயம். அக்காவுக்கு அவை அரசாங்கத்திடம் போய்விடும் என்று பயம். பாதுகாப்பு என்று அந்தக் கடிதம் எத்தனையோ தரம் சொல்லியிருந்தது. அதில் அக்காவுக்கு ஒரு துளிகூட இல்லை. அவர் யாருடைய கண்ணில் படக்கூடாது என்று கெஞ்சினாரோ, அவர்களுடைய மேசைக்கு நானே கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறேன். அதுவும் என் கையெழுத்தில் பட்டியல் போட்டு.

வியாழக்கிழமை மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனபோது மெமரி காட்டைக் கணினியில் போட்டேன். அக்காவின் நிலம் விழுந்த படங்கள் பதினொன்று. பதினொன்றையும் தெரிவு செய்தேன். அழிக்கவா என்று கணினி கேட்டது. கீழே கோடு போட்ட வசனம் கண்ணுக்குள் நின்றது. அழித்தால் கண்டுபிடிப்பார்கள், விசாரணை வரும், வேலை போகும், ஏன் அழித்தாய், யாருக்காக அழித்தாய் என்று கேட்பார்கள். யுத்தம் நடந்த இந்த ஊரில் யாருக்காக என்ற கேள்வி சும்மா கேள்வி இல்லை.  வேண்டாம் என்பதை அழுத்திவிட்டு மெமரி காட்டைக் கழற்றினேன். அன்று சோற்றுப் பார்சலை அவிழ்க்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

வெள்ளிக்கிழமை எல்லாவற்றையும் எடுத்துப்போக இரண்டு பேர் வந்தார்கள். மரியாதையானவர்கள். தேத்தண்ணி குடித்தார்கள், சீனி காணும், இனிப் போட வேண்டாம் என்றார்கள். இயந்திரத்தைப் பெட்டியில் வைத்து, மெமரி காட்டை ஒரு மண்ணிற உறைக்குள் போட்டு ஒட்டினார்கள். ஒருவர் என் பட்டியலில் விரலை வைத்தார்.

"இந்தப் பக்கம் காடுதானே? ஏன் அங்க பறந்தது?"

"காத்து இழுத்துப்போட்டுது, சேர்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு கொப்பியில் ஏதோ எழுதினார். நீளமாக எழுதினார். நான் கதிரையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

அவர்கள் போனதும் அரைநாள் லீவு எழுதி வைத்துவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தேன். மழை தொடங்கிவிட்ட காலம். அக்கா வயலைச் சேறடித்து மட்டப்படுத்தியிருந்தார். இரண்டு நாள் முன்னம் ஊறப்போட்டுக் கட்டிய விதைநெல், மரநிழலில் ஈரச்சாக்கில் இருந்தது. சாக்கின் கண்களுக்கூடாக வெள்ளையாக முளை எட்டிப் பார்த்தது.

சொன்னேன். கடிதத்தைச் சொன்னேன், உறையைச் சொன்னேன், அந்த மனிதர் எழுதியதையும் சொன்னேன். அழிக்கப் போய்ப் பயந்து கைவிட்டதையும் மறைக்கவில்லை. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"முளை கட்டியாச்சு மிஸ். நாளைக்குத் தாண்டாது" என்றார். "விதைக்கட்டோ, விடட்டோ?"

ஆறு வருடத்தில் இந்தக் கேள்வியை எத்தனை ஆட்கள் என்னிடம் கேட்டிருப்பார்கள். மழையைப் பார்த்து, குளத்து மட்டத்தைப் பார்த்து, யோசிக்காமல் பதில் சொல்லியிருக்கிறேன். இப்போது மழையையும் குளத்தையும் பார்த்துப் பயனில்லை. விதைத்த பிறகு அதிகாரிகள் வந்தால் விதையும் போகும், உழைப்பும் போகும், வழக்கும் வரும். விதைக்காமல் விட்டால், தரிசாகக் கிடக்கிறது, இது காடுதான் என்று இன்னும் லேசாக எடுத்துவிடுவார்கள்.

"விதையுங்கோ அக்கா" என்றேன்.

அவர் சாக்கின் பக்கம் குனிந்தவர், குனிந்தபடியே நின்றார். பிறகு நிமிர்ந்து, இந்த முறை தாயின் தமிழில் கேட்டார். "யாராச்சும் வந்து கேட்டா, மிஸ் சொல்லித்தான் வெதைச்சேன்னு சொல்லலாங்களா?"

ஓம் என்று சொல்ல ஒரு மூச்சுப் போதும். நான் காட்டைப் பார்த்தேன், எல்லைக் கல்லைப் பார்த்தேன், என் மோட்டார் சைக்கிளைப் பார்த்தேன். 

"பரவாயில்ல மிஸ்" என்றார் அக்கா. "மழை இருட்டிக்கொண்டு வருது. நனைய முன்னம் போங்கோ."

அவர் சாக்கை இடுப்பில் தூக்கிக்கொண்டு வயலுக்குள் இறங்கினார். நான் போனேன்.

அந்த நெல் இப்போது கதிர் தள்ளி நிற்கிறது. இதுவரை ஒருவரும் வரவில்லை. கிழமையில் இரண்டு தரம் அந்தப் பக்கம் போகிறேன். பயிரைப் பார்க்க முன்னம் பாதையில் ஜீப் தடம் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறேன். தூரத்தில் அக்கா நிமிர்ந்து கையைக் காட்டுவார், நானும் காட்டுவேன். கிட்டப் போனால் அந்தக் கேள்வியைத் திரும்பக் கேட்டுவிடுவாரோ என்ற பயத்தில் நான் மோட்டார் சைக்கிளை நிறுத்துவதில்லை.