ஏற்றத்தில் நான் இறங்கவில்லை

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஆறு பேரை வளர்த்தேன்; நான்கு நான் பெற்றவை, இரண்டு என் கொழுந்தனார் பிள்ளைகள். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். அவசரக்காரர்கள் முன்னால் போகலாம்.

எங்கள் ஊர் ராஜபாளையத்துக்கு மேற்கே மலைமேல் இருக்கிறது. பின்பக்க மலையைத் தாண்டினால் கேரளா. மழை அங்கே பெய்யும், சாரல் இங்கே எட்டிப் பார்க்கும். மாட்டுக் கொட்டிலில் நின்றால் போன் தமிழில் பேசும், கொல்லைப் பலாமரத்தடிக்குப் போனால் மலையாளத்தில் பேசும். எல்லாம் இருந்த ஊரில் பஸ் மட்டும் இல்லை. அது அடிவாரத்து ஓடைப் பாலத்தோடு திரும்பிவிடும். என் முழங்கால் கெட்ட பிறகு, ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போவதே நின்றுபோயிற்று.

போன வருஷம் ஆடிப்பூரத்துக்கு முன்னால், சோதனைக்கு ஒரு மினி பஸ் வருவதாகச் சொன்னார்கள். கடைசி நிறுத்தம்வரை ஆளோடு ஏறிவிட்டால் தினமும் வரும். ஏறாவிட்டால் பழையபடி பாலத்தோடு சரி.

எங்கள் ஊருக்குப் புதிதாய் எது வந்தாலும், மருமகளானாலும் பசுமாடானாலும், ஊரே பாலத்துக்கு இறங்கிப் போய் அழைத்து வரும். பஸ்ஸையும் அப்படித்தான் அழைக்கப் போனோம். மேளம், மாலை, ஆரத்தித் தட்டு. என்னை மூத்த மகன் பைக்கில் கொண்டுபோய் இறக்கினான். ஆரத்தி எடுத்த கையோடு அத்தனை பேரும் பஸ்ஸுக்குள் ஏறிவிட்டோம். பக்கத்து வீட்டுக்காரியின் இரண்டு ஆடுகளும் கூட்டத்தோடு ஏறின.

கடைசி ஏற்றத்தில் பஸ் முனகியது. நின்றது. பின்னால் நழுவவும் பார்த்தது.

"எல்லாரும் எறங்குங்க! இது பஸ்ஸா, தேரா?" என்று டிரைவர் கத்தினார்.

"தேருன்னா வடம் கொண்டாரோம்யா," என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. அவளுக்கும் என் வயதுதான்.

சிரித்துக்கொண்டே எல்லோரும் இறங்கினார்கள். நானும் ஆடுகளும் இறங்கவில்லை.

"ஆச்சி, நீங்களுந்தான்."

"மாட்டேன்யா. மருமவளா வந்தன்னைக்கு இந்த ஏத்தத்த நடந்து ஏறுனேன். இன்னைக்கு ஒக்காந்துதான் ஏறுவேன்."

"ஏட்டி, எறங்குட்டி! பஸ்ஸு வராமப் போச்சுன்னா ஒன்னாலதான்!" கீழே நின்று பக்கத்து வீட்டுக்காரி குதித்தாள்.

"ஆளே இல்லாம ஏறுனா அது என்னட்டி சோதனை? ஒருத்தியாவது ஒக்காரணும்லா?"

சோதனை பார்க்க வந்து டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அதிகாரி திரும்பி என்னைப் பார்த்தார். "ஆச்சி சொல்றது சரிதான். எடுங்க வண்டிய."

பஸ் ஏறியது! பின்னால் ஊரே மேளத்தோடு ஓடி வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஜன்னலில் கையை நீட்டி, ஓட்டுக் கேட்க வந்தவள் மாதிரி ஆட்டிக்கொண்டே போனேன்.

கடைசி நிறுத்தத்தில் அதிகாரி எழுதிக்கொள்ள நோட்டைத் திறந்து கேட்டார்: "ஆள் உண்டா?"

"உண்டு சார். ஒரு ஆச்சி, ரெண்டு ஆடு," என்றார் டிரைவர்.

அந்த ஆடிப்பூரத் தேரை மகளோடு நின்று பார்த்தேன். இப்போதும் பஸ் கூட்டமாய் வந்தால் அந்த ஏற்றத்தில் கால் உள்ளவர்கள் இறங்கி நடக்கிறார்கள். என்னை மட்டும் யாரும் இறங்கச் சொல்வதில்லை.

பேத்தி அதே பஸ்ஸில் காலேஜிலிருந்து வந்துவிட்டாள். ஏட்டி, பைய வச்சிட்டு இங்க வா. எழுதுனத மொதல்லேருந்து வாசி. நான் எறங்காம ஒக்காந்த எடம் வந்ததும் நல்லா சத்தமா வாசி, பக்கத்து வீட்டுக்குக் கேக்கட்டும்.