பேர் வெட்டின குட்டி இட்லிப் பானை

புளி போட்டுத் தேய்ச்ச பித்தளை வாசமும், அடுப்படியில இருந்து வர்ற பணியார வாசமும் ஒண்ணாக் கலந்து மூக்குல ஏறும்... எங்க பக்கத்துக் கல்யாண வீடுன்னா எனக்கு முதல்ல ஞாபகம் வர்றது அதுதான்.

திருமயம் பக்கத்துல எங்க ஊரு. பெரியப்பா மகள் மீனாவுக்குக் கல்யாணம். அக்கா முறை ஆகுறவங்களை ஆச்சின்னு கூப்பிடுறது எங்க வழக்கம், அதனால எங்களுக்கு மீனா ஆச்சி.

பொண்ணுக்குக் குடுக்குற சாமானையெல்லாம் வீடு முழுக்கப் பரப்பி வச்சிருந்தாங்க. அண்டா, குண்டான், தூக்குவாளி... விளக்குமாறு வரைக்கும். வர்றவங்க சுத்திச் சுத்திப் பார்த்துட்டு, "முறுக்கு அச்சைக் காணோமே"ன்னு ஒரு குறையும் சொல்லிட்டுத்தான் போவாங்க.

ஓரமா ஒரு செட் சொப்புச் சாமான். இனிமே பொறக்கப்போற புள்ளைக்கு இப்பவே ரெடி.

அன்னிக்குச் சாயங்காலம் என் தங்கச்சி வள்ளி எங்க வீட்டுக் கிணத்தடியில மண்ணுல இட்லி அவிச்சுக்கிட்டிருந்தா. அப்ப அவ ஒண்ணாங் கிளாஸ். அந்தக் குட்டி இட்லிப் பானை மட்டும் புத்தம் புதுசு.

எங்க அம்மாவை நாங்க ஆத்தான்னுதான் கூப்பிடுவோம். ஆத்தா அந்தப் பானையை வாங்கித் திருப்பிப் பார்த்தாங்க. அடியில மீனா ஆச்சி பேரு பளபளன்னு வெட்டியிருக்கு. கரண்டிக்குக்கூடப் பேர் வெட்டுற ஊர்ல திருடப் போன ஒரே ஆளு என் தங்கச்சியாத்தான் இருப்பா.

எனக்கு ஒரே பயம். அடியை நெனச்சு இல்ல. எங்க சொந்தத்துல ஒருதடவை பட்டப்பேர் விழுந்தா அழியாது. சின்ன வயசுல நெய்யை நக்குன ஒரு மாமா, பேரன் எடுத்த பெறகும் நெய்ச்சட்டிதான். வள்ளிக்கு என்ன பேரு காத்திருக்கோ...

ஆத்தா கத்தவே இல்ல.

"ரொம்பப் புடிச்சிருந்துச்சாக்கும்?"

வள்ளி தலையை ஆட்டுனா.

"மீனாவுக்கும் அப்படித்தானே புடிச்சிருக்கும்? வா, குடுத்துட்டு வந்துருவோம். நீதான் குடுக்கணும். நான் பக்கத்துலயே நிக்கிறேன்."

நானும் பின்னாலயே போனேன். மீனா ஆச்சி ரூம்ல தனியா தலைவாரிக்கிட்டிருந்தாங்க. வள்ளி ரெண்டு கையாலயும் பானையை நீட்டி, "நான்தான் எடுத்தேன் ஆச்சி... இட்லி வேகவே இல்ல"ன்னா. மீனா ஆச்சிக்குச் சிரிப்பை அடக்க முடியல.

சத்தம் கேட்டு உள்ள வந்துட்டாங்க பெரியம்மா. ஊருக்கே ரேடியோ அவங்கதான். "என்னடி சிரிப்பு?"

நான் ஆத்தா சேலையைப் புடிச்சுக்கிட்டேன்.

"ஒண்ணுமில்ல ஆச்சி, மீனாவுக்கு ஒரு சாமான் குடுக்கணும்னு வள்ளி வந்தா"ன்னாங்க ஆத்தா. பொய்யே கிடையாது. பெரியம்மா பூரிச்சுப்போய் வள்ளி பாவாடை நெறைய சீப்புச்சீடையை அள்ளிப் போட்டாங்க. ஒண்ணும் திருடாத எனக்கு ஒண்ணும் கிடைக்கல. அந்த வயித்தெரிச்சல் இன்னிக்கும் இருக்கு.

இப்பல்லாம் புள்ளைக்குப் பல்லு விழுந்தாலே குரூப்ல போட்டோ. சேட்டை பண்ணா வீடியோவே வந்துருது. நானும் போடுறவதான்.

போன பொங்கலுக்கு எல்லாரும் ஊர்ல கூடுனப்ப, வள்ளியே இந்தக் கதையை எடுத்துவிட்டா. வீடே சிரிச்சுச்சு. பெரியம்மா ஆத்தாவைப் பார்த்து, "நெசமாவாடி?"ன்னாங்க.

எங்களுக்கு எந்த வயசுல எத்தனை நாள் காய்ச்சல் அடிச்சுதுன்னு இன்னிக்கும் சொல்ற ஆத்தா, கீரையை ஆஞ்சுக்கிட்டே நிமிராமச் சொன்னாங்க.

"நம்ம வள்ளியா? அப்படி எதுவும் எனக்கு ஞாபகம் இல்லையே ஆச்சி."

சிரிச்சுக்கிட்டிருந்த வள்ளி எந்திரிச்சுப் போய், ஆத்தா தோள்ல சாஞ்சுக்கிட்டா.