பதினோரு சிவப்பு அம்புகள்

புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில், எங்கள் ஊர்ப் பேச்சில் கிலாங்கில், சர்க்யூட் போர்டுகளைப் பரிசோதிப்பது என் வேலை. பூதக்கண்ணாடிக்கு அடியில் போர்டு வரும். எங்கே கோடு விட்டிருக்கிறது, எங்கே ஈயம் வழிந்திருக்கிறது என்று பார்த்து, அந்த இடத்தில் குட்டிச் சிவப்பு அம்பு ஒன்றை ஒட்டி அடுத்த மேசைக்குத் தள்ளிவிடுவேன். சரி செய்வது வேறு ஆளின் வேலை. பத்தொன்பது வருடமாக இதுதான். நாள் முழுக்கக் குறை பார்க்கிறவள் வீட்டுக்கு வந்தும் குறைதான் பார்ப்பாள் என்பாள் என் மகள். வாய் அதிகம் அவளுக்கு. என்னிடமிருந்து வந்ததுதான், வேறு எங்கிருந்து வரும்?

அவளுக்குப் பதினாறு வயது, நான்காம் படிவம். சனிக்கிழமை பட்டர்வொர்த்தில் பள்ளிகளுக்கான ரோபோ போட்டி. கறுப்புக் கோட்டின் மேலேயே ஓடும் குட்டி வண்டி ஒன்றை அவள் குழு செய்திருந்தது. அதற்காகச் சொல்லிவைத்த போர்டு வந்து சேரவில்லை. "நானே வீட்ல செஞ்சுடுறேன் டீச்சர்" என்று இவள் ஒப்புக்கொண்டு வந்துவிட்டாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் தொழிற்சாலையில் இதற்கென்று எத்தனை இயந்திரம்! இவளிடம் இருந்ததோ என் இஸ்திரிப் பெட்டியும் ஓர் ஐஸ்கிரீம் டப்பாவும்.

கணினியில் வரைந்த படத்தை வழவழப்பான தாளில் அச்சடித்து, செம்புத் தகட்டின் மேல் கவிழ்த்து, இஸ்திரிப் பெட்டியால் அழுத்தித் தேய்த்தாள். தாளை ஊறவைத்து உரித்ததும் கறுப்பு மை மட்டும் செம்பில் தங்கியது. பிறகு செம்பை அரிக்கும் பழுப்புத் தண்ணீரில் அதைப் போட்டு டப்பாவை ஆட்டிக்கொண்டே இருந்தாள். மை மூடாத செம்பெல்லாம் கரைந்துவிடும், கோடுகள் மட்டும் மிஞ்சும். முதல் இரண்டு தகடும் வீணாய்ப் போயின. போதாததற்கு, ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு எடுத்து வைத்திருந்த என் சேலையிலும் பழுப்புக் கறை. மாதாவே! நான் போட்ட சத்தம் கீழ்மாடி வரை கேட்டிருக்கும்.

கடைசித் தகடு வியாழக்கிழமை சாயங்காலம் ஒருவழியாகத் தேறியது. துளை போட்டு, பாகங்களை ஈயத்தால் பற்றவைத்து, "எப்படிமா இருக்கு? பாருங்களேன்" என்று மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள்.

பார்த்தேன். எனக்குத் தெரிந்த மாதிரிதானே பார்ப்பேன்? கைப்பையில் கிடந்த ஸ்டிக்கரை எடுத்தேன். அவள் வந்தபோது அந்த உள்ளங்கை அளவு போர்டில் பதினோரு அம்புகள்.

தலையில் துண்டோடு நின்று எண்ணினாள். முகம் சுண்டிவிட்டது.

"இது உங்க கிலாங் இல்லமா. நீங்க ரிஜெக்ட் பண்ணா வேற போர்டு கிடையாது லா."

"இருக்கிற தப்பைச் சொல்லக்கூடாதா? வண்டி பாதியில நின்னா யாருக்கு அசிங்கம்?"

"தப்பு காட்ட மட்டும் நல்லாத் தெரியுது. ஒண்ணையாவது சரி பண்ணத் தெரியுமா உங்களுக்கு?"

சுருக்கென்றது. தெரியாது என்பதுதான் உண்மை. இத்தனை வருடத்தில் பற்றவைக்கும் கோலை நான் ஒரு முறைகூடத் தொட்டதில்லை. அவள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். எனக்கு அழுகை வந்தது. கோபத்தில் வந்த அழுகை என்று நினைத்துக்கொண்டே தோசை சுட்டேன்.

பிறகு தட்டோடு போய்க் கதவைத் தட்டினேன். "அந்தக் கோலை எப்படிப் பிடிக்கணும், சொல்லு."

சிரித்துவிட்டாள், கழுதை. பத்துக் குறைகளை அவளே சரி செய்தாள். ஒவ்வொன்றும் முடிந்ததும் அதன் அம்பை உரித்தேன். கடைசியில், அறுந்த கோட்டின் மேல் முடி போன்ற கம்பியை வைத்துப் பற்றவைக்க என்னிடம் கொடுத்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு கோலை வைத்தேன். "மூச்சு விடுங்கம்மா" என்றாள். ஈயம் கடலைப்பருப்பு அளவு திரண்டு நின்றது. எங்கள் தொழிற்சாலையில் என்றால் நானே அதற்கு ஓர் அம்பு ஒட்டித் தள்ளியிருப்பேன். இங்கே அந்தக் கடைசி அம்பையும் உரித்துவிட்டேன்.

எங்கள் வீடு இருக்கும் தீவிலிருந்து சனிக்கிழமை படகேறிப் பட்டர்வொர்த்துக்குப் போனோம். இரண்டாவது வளைவில் வண்டி தயங்கி நின்றது. என் கம்பிதான் விட்டுவிட்டது என்றே நினைத்தேன். வண்டி மெல்லத் திரும்பிக் கடைசிவரை ஓடியது. நான்காவது இடம்தான், கோப்பை இல்லை. ஆனாலும் குழுவே குதித்தது.

நடுவர் வண்டியைக் கவிழ்த்துப் பார்த்தார். போர்டில் ஒரு சிவப்பு அம்பு! எல்லாவற்றையும் உரித்திருந்தேனே? அவரும் தொழிற்சாலைக்காரர் போலிருக்கிறது, இங்கே என்ன குறை என்று மலாயில் கேட்டார்.

"குறை இல்ல சார், நான்தான் ஒட்டினேன்" என்று என் மகளும் மலாயிலேயே சொல்லி, என் பக்கம் கையை நீட்டினாள். "அது மட்டும் எங்க அம்மா செஞ்சது."

நான் செய்தது என்று இதுவரை யாரும் எதையும் காட்டியதில்லை.