பாய் நடக்கச் சொன்ன நடை

போன மாதம் ஆரம்பாக்கத்தில் ரத்தக்கொதிப்பு மாத்திரை வாங்கப் போனேன். கடைக்காரர் சீட்டைப் படித்துக்கொண்டிருந்தபோதே என் பையிலிருந்த மற்ற மாத்திரைகளையெல்லாம் எடுத்து மேஜைமேல் பரப்பினேன். மூட்டுவலிக்கு ஒன்று, வாயுவுக்கு ஒன்று, பக்கத்து வீட்டுக்காரர் "எனக்குக் கேட்டுச்சு, போட்டுப் பாருங்க" என்று அன்போடு கொடுத்த ஊர் பேர் தெரியாத மஞ்சள் மாத்திரை ஒன்று. யாரும் கேட்காமலே இப்படிக் கடை விரிப்பது என் பழக்கம்.

கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

"சார் பழவேற்காடா?"

"ஒன்பது வருஷம் அங்கே போஸ்ட்மாஸ்டரா இருந்தேன்."

"அதான் பார்த்தேன். சுலைமான் பாய்கிட்ட மருந்து வாங்கினவங்கதான் இப்படி எடுத்து வெப்பாங்க. பாய் பூட்டாரு சார். வெள்ளிக்கிழமை விடியக்காலைல. உங்களுக்குச் சேதி வரலையா?"

வரவில்லை. ஊரார் வீட்டுச் சாவுச் செய்தியையெல்லாம் முதல் ஆளாகப் படித்துவிட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தவனுக்கு இந்த ஒரு செய்தி மருந்துக்கடையில்தான் கிடைத்தது. கடைக்காரர் மஞ்சள் மாத்திரையை விரலால் தள்ளி வைத்தார். "இது வாணாம் சார்" என்றார். பாயும் அப்படித்தான் தள்ளுவார், கூட இரண்டு வசவும் இருக்கும்.

பாயை அறிந்தவர்களுக்கு அவருடைய குணத்தைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. அவரிடம் ஒரு நல்ல வார்த்தை வாங்கியவர் யாராவது இருந்தால் எனக்கு ஒரு கார்டு போடுங்கள், நான் நம்பமாட்டேன். மரக்கலம் ஓட்டிய வம்சம் என்று அவர் வீட்டார் பெருமை பேசுவார்கள். பாயோ தோணியில் ஏறினாலே வாந்தி எடுப்பார். சுற்றுவட்டாரக் குப்பங்களுக்கெல்லாம் அப்போது அவருடையது ஒன்றுதான் மருந்துக்கடை. மாத்திரையைப் பாதியில் நிறுத்துகிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. "அல்லா குடுத்த வயிறு, டாக்டர் குடுத்த மாத்திரை, நடுவுல நீ யார்ரா நாட்டாமை?" என்பார்.

அந்தக் கடை வாசல் பெஞ்சில் ஒரு மூலை எனக்குச் சொந்தம். தபால்பையைக் கட்டியனுப்பிவிட்டு வந்து உட்கார்ந்தால் ஊர்க்கதை பேசுவேன். பிறருடைய கார்டுகளைப் படிப்பது என் உத்தியோகத்தின் ஒரே சலுகை. நான் படித்த கார்டு மறுநாள் டீக்கடையில் உலவும். போதாததற்கு எனக்கு ஆள்களைப் போல நடந்து காட்டவும் வரும். தாசில்தார் நடை, சம்பந்தி நடை, கடன்காரனைக் கண்ட நடை என்று வகைவகையாகக் கையிருப்பு உண்டு. அந்தக் கையிருப்பில் கடைசியாகச் சேர்ந்தது ஏழுமலையின் நடை.

ஏழுமலை ஏரிக்கரைக் குப்பத்துக்காரன். முப்பத்தைந்து வயதிருக்கும். இரண்டு பெண்பிள்ளைகள். ஏரியில் எந்த நாள் யார் எங்கே வலை போடுவது என்பதற்கு அங்கே ஒரு முறை உண்டு. அதைப் பாடு என்பார்கள். பாடு இருந்தால்தான் அந்த வீட்டில் உலை. மதுவிலக்கு திரும்பவும் வந்திருந்த காலம் அது. ஆரம்பாக்கத்தைத் தாண்டினால் ஆந்திரா, அங்கே தடை கிடையாது. ஆகவே ஏழுமலை ஒருநாள் கடைத்தெருவில் கால் பின்னி நடந்தபோது, அவன் எங்கே போய்விட்டு வந்தான் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை.

நாளுக்கு நாள் அந்த நடை மோசமானது. நாக்கும் குழறியது. நான் டீக்கடையில் அதை நடந்து காட்டினேன். காலை அகட்டி வைத்து, இல்லாத படியில் இறங்குவதுபோல் தரையைத் தேடித் தேடி மிதிப்பது. நல்ல வரவேற்பு. ஒருமுறை ஏழுமலையே நின்று பார்த்தான்.

"சார், நான் இப்படியா நடக்கறேன்?" என்று கேட்டான்.

"இதைவிட மோசமாய்யா. உனக்காகக் கொஞ்சம் திருத்தியிருக்கேன்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

அந்த வாரமே அவன் கடைக்கு வந்தான். நான் பெஞ்சில் இருந்தேன். கதவைப் பிடித்துக்கொண்டு, "பாய், எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுது. நீங்க குடுக்கற மாத்திரைய நிறுத்திடட்டா?" என்றான்.

பாய் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நிறுத்தினா இன்னா ஆவும்னு தெரியுமா உனக்கு? ஒருவேளைகூட வுடாத. மொதல்ல குடிய வுடு."

"குடிக்கல பாய்."

"ஊரே சொல்லுது."

ஏழுமலை பெஞ்சுப் பக்கம் திரும்பினான். ஏதோ சொல்ல வாயெடுத்தான், சொல்லவில்லை. போய்விட்டான்.

பாடு நாளில் குடித்தவன் தோணியில் கால் வைக்கக்கூடாது என்பது குப்பத்துக் கட்டுப்பாடு. அந்தச் சுற்றில் அவனுக்குப் பாடு கிடையாது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். அவனுடைய மூத்த பெண் போய், "நைனா குடிக்கறதே இல்ல" என்று சத்தியம் செய்தாளாம். குடிகாரனின் பெண் வேறு என்ன சொல்வாள் என்றார்கள். வலை இல்லாதவர்கள் ஆழம் குறைந்த இடத்தில் இறங்கிச் சேற்றில் கையால் தடவி நண்டு பிடிப்பார்கள். ஏழுமலை அந்த வேலைக்குப் போனான். மூன்றாம் நாள் பகலில், முழங்கால் தண்ணீரில் குப்புறக் கிடந்தான்.

முழங்கால் தண்ணீரில் சாக ஒருவனுக்குக் குடியைத் தவிர வேறென்ன காரணம் இருக்க முடியும்? ஊர் அப்படித்தான் சொன்னது. நானும் சொன்னேன். அழகாகவே சொன்னேன்.

காரியம் முடிந்த பிறகு அவன் மனைவி கன்னியம்மா கடைக்கு வந்தாள். அன்றும் நான் பெஞ்சில் இருந்தேன். முந்தானையில் இரண்டு முடிச்சுகள். இரண்டையும் அவிழ்த்து மேஜைமேல் வைத்தாள். "மீந்தது பாய். யாருக்காவது ஆவும்" என்றாள்.

ஒரு முடிச்சில் இருந்தவை பாய் கொடுத்த வலிப்பு மாத்திரைகள். அவனுக்கு வலிப்பு உண்டென்பது எனக்கு அன்றுதான் தெரியும். மற்றொன்று சர்க்கார் ஆஸ்பத்திரியில் சும்மா கொடுக்கும் மாத்திரை.

"இது யாருது?"

"அவருதுதான். ரத்தமா இருமுனாரு. காசம்னாங்க. ரெண்டு மாசமா துன்னாரு."

"ரெண்டையுமா?"

"ஒருவேளைகூட வுடல பாய். நீங்க சொன்னீங்களே."

பாய் எழுந்து நின்றவர் அப்படியே உட்கார்ந்தார். "ஏம்மா எங்கிட்ட காசம்னு சொல்லல?"

கன்னியம்மா என் பக்கம் திரும்பவில்லை. "சொல்லத்தான் வந்தாரு. பெஞ்சுல ஆள் இருந்துச்சாம். காசம்னு தெரிஞ்சா எம் பொண்ணுங்கள யாரு கட்டுவாங்க?"

ஆஸ்பத்திரியில் வலிப்பைப் பற்றி ஏன் சொல்லவில்லை என்று பாய் கேட்கவில்லை. அது அவருக்கே தெரியும். வலிப்புக்காரனை எந்தத் தோணியில் ஏற்றுவார்கள்? இங்கே ஒன்றை மறைத்தான், அங்கே மற்றொன்றை மறைத்தான். இரண்டு மருந்தும் அவன் வயிற்றில்தான் முதன்முதலாகச் சந்தித்துக்கொண்டன.

மறுநாள் பாய் தபால் ஆபீசுக்கே வந்துவிட்டார். "லீவு போடுய்யா. வலிப்புக்கு எழுதிக் குடுத்த டாக்டர்கிட்ட போறோம்."

"நான் எதுக்கு பாய்?"

"அவன் எப்படி நடந்தான்னு எனக்குச் சொல்லத் தெரியாது. நீதான் நல்லா கவனிச்சு வெச்சிருக்க."

டவுனில் அந்த டாக்டரின் அறையில், மேஜைக்கும் கதவுக்கும் நடுவே, ஏழுமலையைப் போல நடந்தேன். என் நடைக்கு யாரும் சிரிக்காதது அதுதான் முதல் தடவை. டாக்டர் இரண்டு மாத்திரைகளையும் பார்த்தார். கண் ஆடியதா, பேச்சுக் குழறியதா என்று கேட்டார். அதையும் செய்து காட்டினேன்.

"இது சாராயம் இல்லை" என்றார் டாக்டர். "சிலபேருக்கு அந்தக் காச மாத்திரை, வலிப்பு மாத்திரையை உடம்பிலேர்ந்து கழிய விடாது. தினமும் சேர்ந்துக்கிட்டே போகும். கடைசியில் அதுவே விஷம். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அளவைக் குறைச்சிருப்பேன்."

திரும்பும் பஸ்ஸில் பாய் ஒரே ஒரு முறைதான் பேசினார். "நிறுத்தட்டான்னு கேட்டான். வுடாதன்னு சொன்னது நான்."

ஊரை அப்படிப் பேசவைத்தவன் நான் என்ற பதில் எனக்கும் இருந்தது. சொல்லும் தைரியம் இல்லை.

அதற்குப் பிறகுதான் நீங்கள் அறிந்த பாய் உண்டானார். மேஜைமேல் ஒரு பீங்கான் தட்டு வந்தது. "கொட்டு" என்பார். வீட்டில் தின்னும் மாத்திரை, லேகியம், மைத்துனன் கொடுத்த பொடி எல்லாம் அந்தத் தட்டில் விழுந்தால்தான் புது மருந்து கைக்கு வரும். புரியாததைக் காகிதத்தில் எழுதி டாக்டருக்கு அனுப்பிவிட்டு, பதில் வரும்வரை காத்திருக்கச் சொல்வார். 'கொட்டு பாய்' என்று ஊர் பெயர் வைத்தது. வைத்தவன் யார் என்பதை உங்கள் ஊகத்துக்கு விடுகிறேன். பெஞ்சைக் கடைவாசலிலிருந்து எடுத்துத் தெருவின் எதிர்ச் சாரியில் போட்டார். அங்கிருந்து மேஜைப் பேச்சு என் காதில் விழாது.

ஆனால் யாராவது வலிப்பு மாத்திரைக்கு வந்தால் எதிர்ச் சாரியைப் பார்த்துக் கை தட்டுவார். நான் போவேன். வந்தவரின் மனைவியையோ தாயையோ முன்னால் நிறுத்தி, "இந்த சார் நடக்கறதப் பாரும்மா. வூட்ல இப்படி நடந்தா நீயா நிறுத்தாத, குடிச்சிருக்காருன்னும் நெனைக்காத. ஆளைக் கூட்டினு நேரா இங்க வா" என்பார். நான் நடப்பேன்.

ஒருநாள் தோணிரேவு குப்பத்திலிருந்து ஒருத்தி ஓடி வந்தாள். "அந்த சார் நடந்தா மாரியே என் வூட்டுக்காரரு நடக்கறாரு." பாய் கடையை அப்படியே போட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் அவனை டாக்டரிடம் கொண்டுபோனார். வேறு ஏதோ மருந்து, வலிப்பு மாத்திரையை அதேபோல் உடம்பில் தேங்கவிட்டிருந்தது. டாக்டர் அளவைக் குறைத்தார். பத்து நாளில் அவன் நேராக நடந்தான். இன்றும் தோணியில் போகிறான். நான் துள்ளிக் குதித்தேன். பாய் சிரிக்கவில்லை. "இவன் ரெண்டாவது ஆளு" என்றார்.

கடைசியாக ஒன்று. ஒருநாள் யாருக்கோ நடந்து காட்டிக்கொண்டிருந்தேன். திரும்பினால் வாசலில் கன்னியம்மா. இருமல் மருந்துக்கு வந்திருந்தாள். என் கால் அங்கேயே நின்றுவிட்டது. அவள் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள்.

"கைய மறந்துட்டீங்க சார்" என்றாள். "ஒரு கை எப்பவும் பக்கத்துல நீட்டினே இருக்கும். எதையாவது புடிச்சுக்கலாமான்னு."

உண்மை. டீக்கடையில் நடந்தபோது அந்தக் கையை நான் விட்டுவிட்டேன். கை இருந்தால் யாரும் சிரித்திருக்க மாட்டார்கள்.

"அந்தம்மா சொல்றாப்பல நட" என்றார் பாய். நடந்தேன்.

பாயின் தட்டு யாரிடம் இருக்கிறதோ தெரியாது. எனக்கென்று அவர் விட்டுப்போனது இந்த நடை ஒன்றுதான். ஆரம்பாக்கம் கடைக்காரர் மீதிச் சில்லறையை நீட்டியபோது, "வலிப்பு மாத்திரை விக்கிறீங்களா?" என்று கேட்டேன்.

"விக்கிறேனே சார். ஏன்?"

"கொஞ்சம் வெளியே வந்து பாருங்க."

கடைவாசலில், போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்க்க, நடந்தேன். கையை மறக்கவில்லை.