ஏழாம் வாரத்திலிருந்து நான் எழுதிய எண்கள்

ஏழாம் வாரத்திலிருந்து பன்னிரண்டாம் வாரம் வரை அந்த ஆறு போத்தல்களுக்குள் என்ன நடந்தது? இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் தெரிந்ததாக எழுதிக் கையெழுத்திட்டேன். பார்க்காத அளவீடுகளைப் பார்த்ததாகப் பொய் எழுதினேன்... உங்களிடம்தான் முதன்முதலாக இதை எழுத்தில் ஒப்புக்கொள்கிறேன்.

பல்கலைக்கழகத்தில் என் இறுதியாண்டு ஆய்வு பைரைட்டு என்னும் கனிமத்தைப் பற்றியது. இரும்பும் கந்தகமும் சேர்ந்த, பொன்போல மின்னும் கனிமம். பாறைக்குள் இருக்கும்வரை சாது. உடைத்துக் காற்றிலும் ஈரத்திலும் போட்டால் மெல்ல மெல்லச் சல்பூரிக் அமிலம் கசியும். பல்லேபொல பக்கம் கைவிடப்பட்ட கல்குவாரி ஒன்றின் கழிவுக் குவியலிலிருந்து கல் எடுத்து வந்தேன். அந்தக் கல்லில் சுண்ணாம்புச் சத்துள்ள கல்சைட்டும் கலந்திருந்தது. பைரைட்டு அமிலத்தை விட விட, கல்சைட்டு அதை அடக்கிவிடும். எவ்வளவு காலத்துக்கு அடக்கும்? அதுதான் என் ஆய்வு.

கல்லைப் பொடித்துப் போத்தல்களில் இட்டேன். வாரம் ஒரு முறை நீர் ஊற்றி வடித்து, வடிந்த நீரின் பி.எச். பெறுமானத்தை அளந்தேன். ஆறு வாரமும் ஏழுக்குச் சற்று மேலேயே நின்றது. அமிலமே இல்லை. அந்த ஆறும் உண்மை. நம்புங்கள்!

அப்போது நான் ஐந்து மாதக் கர்ப்பிணி. ஏழாம் வாரம் இரத்தக் கசிவு ஏற்பட்டது. எழும்பக் கூடாது என்றார் டொக்டர். எல்கடுவயில் கணவர் வீட்டில் மாமி வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"இந்த ரோட்டுல பஸ்ஸு குலுக்குற குலுக்கலுக்குப் புள்ள தங்குமா? கல்லு எங்கயும் ஓடிப்போகாது, அங்கனயேதான் கெடக்கும்!"

மேற்பார்வையாளரிடம் சொல்லியிருக்கலாம். ஒரு தொலைபேசி அழைப்பு... அவ்வளவுதான்! ஏன் செய்யவில்லை? கல்யாணம் முடித்த பிள்ளைகள் ஆய்வை முடிப்பதில்லை என்று அவர் ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னதாலா? அல்லது யார் முன்னும் தவணை கேட்டு நிற்காத நல்ல பிள்ளை என்ற பெயருக்காகவா? கட்டிலில் படுத்தபடியே எழுதினேன். 7.3, 7.2, 7.3... சந்தேகம் வராதபடி சற்றே ஏற்றி இறக்கவும் எனக்குத் தெரிந்திருந்தது!

"இக்கல்லிலிருந்து அமிலம் கசியும் அபாயம் இல்லை" என்று முடித்தேன். போத்தல்களை யாரோ கழுவி வைத்துவிட்டார்கள். பட்டம் கிடைத்தது. இப்போது மாத்தளையில் ஒரு பாடசாலையில் இரசாயனவியல் படிப்பிக்கிறேன். மகளுக்கு மூன்று வயது.

நான் பிறந்து வளர்ந்த தேயிலைத் தோட்டத்திலிருந்து எனக்குப் பின் பல்கலைக்கழகம் போனவள் சுகந்தி. விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்ததே நான்தான். இவ்வருடம் அதே மேற்பார்வையாளரின் கீழ், அதே கல்லை எடுத்து, என் ஆய்வை மீண்டும் செய்கிறாள். எட்டாம் வாரம் அவளுடைய நீர் துருநிறமாக வடிந்தது. பி.எச். நான்குக்கு விழுந்தது.

கேட்டவுடனேயே எனக்குப் புரிந்தது... கல்சைட்டு தீர்ந்துவிட்டது! அவள் அளந்தது சரி.

அவளோ தொலைபேசியில் அழாக்குறையாகக் கேட்டாள்: "ஒங்களுக்குக் கடைசி வரைக்கும் ஏழுதானே அக்கா வந்திச்சு? சேர் போத்தல சரியா கழுவலன்னு சொல்றாரு. நீங்க எப்பிடிக் கழுவுனீங்க?"

என் வாய் என்ன சொன்னது தெரியுமா?

"இன்னொரு தரம் நல்லாக் கழுவிச் செஞ்சு பாரும்மா."

மீண்டும் முதலிலிருந்து செய்தாள். மீண்டும் எட்டாம் வாரத்திலேயே விழுந்தது. "கல்லுக்கே என்னையப் புடிக்கல போல அக்கா," என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை... ஆனாலும் தாங்கிக்கொண்டுதானே இருந்தேன்!

கணவரிடம் சொன்னேன். "இப்பப் போயி அத ஏன் கிண்டுற? வேல போனா என்ன செய்வ? ஒனக்குப் புள்ள இருக்கில்ல?" என்றார். பிள்ளை... எதற்கெடுத்தாலும் அவளையே முன்னால் நிறுத்துகிறோம். பிறக்கும் முன்பே அவளைக் காரணம் காட்டிப் பொய் எழுதினேன். இப்போதும் அவளைக் காட்டியே வாய் மூடியிருக்கிறேன். பட்டத்தைப் பறிப்பார்களா? பாடசாலையில் என்ன சொல்வார்கள்? ஒருவேளை நான் பயப்படுகிற அளவுக்கு ஒன்றுமே நடக்காதோ? எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்.

நேற்று சுகந்தி வாட்ஸ்அப்பில் ஒரு கடிதம் அனுப்பினாள். மேற்பார்வையாளருக்கு எழுதியது. தன் கவனக்குறைவால் அளவீடுகள் பிழைத்துவிட்டன என்றும், அவற்றை நீக்கிவிட்டு என் முடிவையே ஏற்று அறிக்கை எழுத அனுமதி வேண்டும் என்றும், மன்னிக்குமாறும் எழுதியிருந்தாள். இம்மாத முடிவுக்குள் அறிக்கையைக் கொடுக்க வேண்டுமாம்.

"வசனம் சரியான்னு மட்டும் பாத்துக் குடுங்க அக்கா."

இரண்டு எழுத்துப் பிழைகள் இருந்தன. திருத்திவிட்டேன்... திருத்திய கடிதத்தை இன்னும் அனுப்பவில்லை.

நீங்கள் என் இடத்தில் இருந்தால் என்ன செய்வீர்கள்? முதலில் யாரிடம் சொல்வீர்கள், அவளிடமா, மேற்பார்வையாளரிடமா? எந்த வார்த்தையில் தொடங்குவீர்கள்? தயவுசெய்து எனக்கு எழுதுங்கள். மாதம் முடிவதற்குள் எழுதுங்கள்.