பெருஞ்சுவரைப் பார்க்காத பயணம்

பெய்ஜிங் வரைக்கும் போய்ப் பெருஞ்சுவரைப் பார்க்காமல் திரும்பிய ஆள் ரொறன்ரோவில் தான் ஒருவன்தான் என்ற கடுப்பு வினோதனுக்கு இத்தனை வருசமாகியும் ஆறவில்லை. கெடுத்தது, கூடப் போன தில்லையம்பலம் அண்ணை.

முன்னொரு காலம் அகதியாய்க் கனடா வருகிற வழியில், ஆள் கடத்துகிற ஏஜென்ட் தில்லையரையும் மட்டக்களப்பு ஆள் மாமாங்கத்தையும் பெய்ஜிங்கில் ஓர் ஒடுங்கிய சந்து ஒழுங்கைக்குள் அறை பிடித்து அடைத்து வைத்திருந்தான். வெளியே தலை காட்டக் கூடாது. ஒருநாள் பின்னேரம், "லைற்றுகளைப் பாத்துட்டு வாறன்" என்று இறங்கிய மாமாங்கம் திரும்பவேயில்லை. தில்லையர் மட்டும் கனடா வந்து சேர்ந்தார். மாமாங்கத்தின் மனைவி நாகமணி பிறகு வந்து, ரொறன்ரோ சென் ஜேம்ஸ் ரவுணில் இன்றைக்கும் பொட்டோடு இருக்கிறார். வைப்பதா அழிப்பதா என்று அவருக்கே தெரியாது. அதற்கொரு முடிவு தேடித்தான் தில்லையர் இந்தப் பெய்ஜிங் சுற்றுலாவுக்குப் பெயர் கொடுத்தார். போய் இறங்கிய பிறகுதான் அதை வினோதனுக்குச் சொன்னார்.

மற்றவர்கள் பஸ் ஏறிச் சுவருக்குப் போக, இவர்கள் ஒழுங்கை தேடினார்கள். ஒழுங்கை எங்கே? கண்ணாடிக் கட்டடம், அதற்குக் கீழே சப்வே ரயில். பொழுதுபட்டால் ஏரிக்கரைப் பியர்க்கடைகள், பாட்டு, கலர் லைற். வினோதன் கதிரையை இழுப்பதற்குள் தில்லையர் மாமாங்கத்தின் பழைய படத்தோடு அடுத்த கடைக்குள் நிற்பார்.

"அண்ணை, ஒரு பியரையாவது குடிக்க விடுங்கோ. உந்தப் பெடியள் அப்ப பிறந்திருக்கவே மாட்டாங்கள்."

"நீ குடி. நான் உதிலை கேட்டிட்டு வாறன்."

"சீனப் பாஷை தெரியுமோ?"

"படத்துக்கு என்னடா பாஷை?"

கடைசி நாள் வரைக்கும் படத்தைப் பார்த்து ஒருவரும் தலையாட்டவில்லை. திரும்புகிற விமானத்தில் தில்லையர் இருக்கவும் மாட்டாமல் நிற்கவும் மாட்டாமல் நடைபாதையில் உலாவிக்கொண்டே வந்தார்.

போன மாசியில் அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். மூச்சு வாங்க வாங்கக் கட்டிலை விட்டு இறங்கப் பார்த்தவரை வினோதன் பிடித்து இருத்தினான்.

"விடடா. நாகமணிக்கு நான் ஒரு பதிலும் கொண்டுவரேல்லை. கலியாண வீடுகளிலை அவவைக் கூப்பிடலாமோ விடலாமோ எண்டு சனம் முழிக்குது. அவ தானாப் போய்ப் பின் கதிரையிலை இருக்கிறா."

"அதுக்கு நான் என்ன அண்ணை செய்யிறது?"

"ஆவணியிலை உன்ரை மகளின்ரை கலியாணம்தானே. ஆலாத்தி எடுக்க, சுமங்கலியளோடை அவவையும் கூப்பிடு. ஆரும் வாய் திறந்தால், தில்லையன் சொன்னவன் எண்டு சொல்லு."