வெள்ளவத்தை நண்டுக்குக் குளிருது

நோர்வேயின் பேர்கன் நகரில் பதினைந்து பாகை வெயில் அடித்தால் ஊரே சட்டையைக் கழற்றிவிட்டுப் புல்லில் கிடக்கும். நான் ஜாக்கெட்டோடு பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். “உங்கள் ஊரில் பனிக்காலம் எத்தனை மாதம்?” என்று ஆய்வுகூட நண்பன் ஒருமுறை கேட்டான். “ஒரு மாதமும் இல்லை” என்றேன். எனக்கு அவனுடைய மொழி விளங்கவில்லை என்று நினைத்து, அதே கேள்வியைக் குழந்தைக்குச் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்தித் திரும்பவும் கேட்டான்.

அங்கே என் பிழைப்பு நண்டின் கால் நரம்பு. அதன் ஓர் இழைக்குச் சின்னதாக மின்சாரம் கொடுத்து ஒலிபெருக்கியில் கேட்டால் டக், டக் என்று சீராக அடிக்கும். சூட்டைக் கூட்டக் கூட்ட வேகமெடுக்கும், ஒரு கட்டத்தில் தாளம் கெட்டுத் தாறுமாறாகும், பிறகு அடங்கிவிடும். போன விடுமுறையில் அந்தக் கருவியையும் பெட்டியில் வைத்துக்கொண்டு என் ஊரான கொழும்புக்குப் போனேன். எல்லாம் கொட்டாஞ்சேனைப் பள்ளிக்கூடமொன்றில் விஞ்ஞானம் படிப்பிக்கும் என் அக்காவின் நச்சரிப்பு.

“தம்பி நண்டின்ர நரம்பைக் கேக்கப் பண்ணுவான் எண்டு ஸ்டாஃப் ரூம் முழுக்கச் சொல்லிப்போட்டன். என்ர மானத்தை வாங்கிப்போடாதை!”

காலையில் வெள்ளவத்தை மார்க்கெட்டில் உயிர் நண்டு வாங்கினோம். வகுப்பில், பேர்கன் வழக்கப்படி நரம்பை ஐஸுக்கு மேல் கண்ணாடித் தட்டில் வைத்து மின்சாரம் கொடுத்தேன். சத்தமில்லை. கூட்டினேன், ம்ஹூம். பிள்ளைகள் நெருக்கியடித்துக்கொண்டு பார்க்கிறார்கள், கதவோரம் பள்ளிக்கூட அதிபர் வேறு. அக்கா சிரித்த முகம் மாறாமல் கிட்ட வந்து காதுக்குள் சொன்னாள்:

“இது நோர்வே நண்டில்லையடா, மடையா. இதுக்குக் குளிருது. ஐஸை எடு!”

அட, கடவுளே! எடுத்தேன். தட்டு மெல்லச் சூடேற, டக்... டக், பிறகு டக் டக் டக். பேர்கன் நண்டு தறிகெட்டுப்போயிருக்கும் கொழும்பு வெக்கையில், இது சுவர்க் கடிகாரம்போல அடித்தது. பிள்ளைகள் மேசையில் தாளம் போட்டார்கள். வெந்நீரால் இன்னும் சூடாக்கியதும் தாளம் சிதறியது, “ஐயோ!” என்று வகுப்பே கத்திச் சிரித்தது. “இன்னொருக்கா” என்றார் அதிபர். அக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

முடிந்ததும் முன்வரிசையில் ஒருத்தி எழும்பினாள். “சேர், உங்கட நரம்பு எந்த ஊர்ச் சூட்டில ஒழுங்கா அடிக்கும்?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. கைகள் இரண்டும் பேர்கன் குளிரில்போலப் புல்லரித்திருந்தன.